நாலு பேர்... ஆனா ஒருத்தர்தான்! - ‘சிலிகான் டீன்ஸ்’ என்ற இல்லாத இசைக்குழுவின் கதை

டேரில், ஜாக்கி, பால், டயான்.

நான்கு பேருமே டீன் ஏஜ். டேரில் பாடுவார். ஜாக்கியும் டயானும் சிந்தசைஸர். பால், எலெக்ட்ரானிக் டிரம்ஸ். மருந்துக்குக்கூட ஒரு கிட்டார் கிடையாது. எல்லாமே கட்டை, பட்டன், வயர்தான். குழுவின் பெயர் ‘சிலிகான் டீன்ஸ்’. ஊர், லண்டன். 1979-ல் முதல் இசைத்தட்டு வந்தது. 1980-ல் ஓர் ஆல்பம். அந்த வருடத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் இப்படி மழைக்கு முளைத்த காளான் மாதிரி வந்து காணாமல் போன இசைக்குழுக்களுக்குக் கணக்கே இல்லை. அதில் இதுவும் ஒன்று என்று சுலபமாகத் தாண்டிவிடலாம். ஆனால், ஒரு சின்னச் சிக்கல். காணாமல் போக வேண்டும் என்றால், முதலில் இருந்திருக்க வேண்டும் இல்லையா?

டேரில் என்று யாரும் இல்லை. ஜாக்கி இல்லை. பால், டயான் இருவரும் இல்லை. நான்கு பேரின் வேலையையும் செய்தவர் ஒரே ஒருவர். டேனியல் மில்லர். டீன் ஏஜைத் தாண்டி வெகு நாளாகி, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த, கூச்ச சுபாவம் உள்ள ஒரு ஃபிலிம் எடிட்டிங் உதவியாளர்.

ஏன் இப்படி ஒரு நாடகம்? அதற்கு முதலில் அவருடைய அப்பாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஹிட்லராகப் பேசிய அப்பா!

மில்லரின் அப்பா மார்ட்டின் மில்லர், வியன்னாவில் நாடக நடிகர். யூதர். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த பிறகு, உயிர் பிழைத்தால் போதும் என்று லண்டன் வந்து சேர்ந்தவர். அங்கே 1939-ல், தன்னைப் போலவே தப்பி வந்த கலைஞர்களோடு சேர்ந்து ‘லாட்டர்ண்டில்’ என்ற குட்டி நாடக அரங்கைத் தொடங்கினார். அந்தப் பெயருக்கு அர்த்தமே ‘குட்டி லாந்தர்’தான். மில்லரின் அம்மா ஹன்னாவும் நடிகைதான். அவரும் அந்த மேடையில் நடித்திருக்கிறார்.

அங்கே மார்ட்டினுக்குக் கைத்தட்டல் அள்ளிய ஐட்டம், ஹிட்லர் மிமிக்ரி. தன்னை ஊரைவிட்டுத் துரத்திய ஆளின் குரலை எடுத்துக்கொண்டு, அவரைப் போலவே கத்தி, அவரைப் போலவே கோபப்பட்டு ஒரு போலிப் பேச்சு. அதை பிபிசி, 1940 ஏப்ரல் 1 அன்று வானொலியில் ஒலிபரப்பியது. முட்டாள்கள் தினம்தான். ஆனாலும் போர்க்காலம். ‘இந்தப் பேச்சு எங்கே கிடைத்தது?’ என்று அமெரிக்காவின் சி.பி.எஸ் வானொலி நிறுவனத்திலிருந்து விசாரித்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு.

அதோடு நிற்கவில்லை. 1952-ல் லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகம் தொடங்கியது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் நாடகம் என்று பெயர் வாங்கியது அதுதான். அந்த முதல் நடிகர் குழுவில் மார்ட்டினும் இருந்தார். அவருக்குக் கிடைத்த வேடம், மேக்கப்பும் விசித்திர உச்சரிப்புமாக வந்து நிற்கும் ஒரு சந்தேகத்துக்குரிய வெளிநாட்டுக்காரர். 1964-ல் ‘டாக்டர் ஹூ’ டி.வி தொடரில் குப்ளாய் கானாகவும் வந்தார். அந்தத் தொடரின் தீம் மியூஸிக் முழுக்க எலெக்ட்ரானிக் ஒலிகளால் ஆனது என்பது தற்செயல்தான். ஆனால், வீட்டில் ஒரு 13 வயதுப் பையன் இருந்தான் என்பதையும் சேர்த்து யோசித்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது.

அப்பா, அம்மா இருவரும் அடுத்தவராக மாறி மேடையேறுவதைத் தொழிலாக வைத்திருந்த வீடு. அந்த வீட்டுப் பையனுக்கு மேடையே பிடிக்காமல் போனதுதான் வேடிக்கை.

ஒரு விரல் போதும்!

டேனியல் மில்லர் கல்லூரியில் படித்தது சினிமா. பிறகு எடிட்டிங் அறைகளில் உதவியாளர் வேலை. காது மட்டும் ஜெர்மனிப் பக்கம் இருந்தது. ‘கேன்’, ‘நொய்’, ‘கிராஃப்ட்வெர்க்’ என்று அங்கிருந்து வந்த குழுக்களின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டார். பள்ளி நாள்களில் கிட்டார் எல்லாம் வாசித்துப் பார்த்தவர்தான். தனக்கு வாசிப்பு வரவில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் பங்க் வந்தது. 1976, 77-ல் இங்கிலாந்து இளைஞர்கள், ‘சங்கீதம் தெரிந்தவன் மட்டும்தான் பாட வேண்டுமா?’ என்று கேட்டு, மூன்றே மூன்று கார்டுகளைக் கற்றுக்கொண்டு மேடையேறினார்கள். ‘பஸ்காக்ஸ்’ என்ற மான்செஸ்டர் குழு, சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே போட்டது. பெரிய கம்பெனியின் வாசலில் காத்திருக்க வேண்டாம் என்பது எல்லோருக்கும் புரிந்துபோனது.

மில்லருக்கு இதில் ஒரு குறை. மூன்று கார்டு என்றாலும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமே? விரல் வலிக்க வலிக்கப் பழக வேண்டுமே? சிந்தசைஸர் என்றால் ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினால் போதும், உள்ளே இருக்கும் மின்சுற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ‘உண்மையான பங்க் வாத்தியம் கிட்டார் இல்லை, சிந்தசைஸர்தான்’ என்பது அவருடைய கட்சி.

ஓவர்டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசில், செகண்ட் ஹேண்டில் ஒரு ஜப்பான் சிந்தசைஸர் வாங்கினார். கோர்க் 700எஸ். நம் வீட்டு ஹார்மோனியத்தில் நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் நாலு ஸ்வரமும் ஒன்றாகக் கேட்கும். இதில் அது நடக்காது. ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான். கூடவே, நாலு டிராக் உள்ள ஒரு டீயாக் டேப் ரெக்கார்டர். முதல் டிராக்கில் தாளம், அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் இன்னொன்று, அதன் மேல் மூன்றாவது என்று அடுக்கடுக்காகப் பதிவு செய்ய வேண்டும்.

டிரம்ஸுக்கு என்ன செய்தார் என்று கேட்கலாம். ரேடியோவில் ஸ்டேஷன் சிக்காதபோது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் வரும் அல்லவா? சிந்தசைஸருக்குள் அந்த இரைச்சலையும் உண்டாக்கலாம். அதைப் பொடிப் பொடியாக நறுக்கினால் டிரம்ஸ். அவ்வளவுதான்.

இப்படி வீட்டிலேயே உருவான இரண்டு பாடல்கள், ‘டி.வி.ஓ.டி’, ‘வார்ம் லெதரெட்’. இரண்டாவது, ஜே.ஜி.பல்லார்ட் எழுதிய ‘கிராஷ்’ நாவலின் பாதிப்பு. கார் விபத்துகளின் மீது விபரீத மோகம் கொண்ட மனிதர்களின் கதை அது. பாடலும் அதே மாதிரி, ஈவு இரக்கமற்ற குரலில், உலோகம் உரசுவதுபோல இருக்கும். குழந்தைகளோடு கேட்கிற பாட்டு இல்லை. குழுவின் பெயர் என்று மில்லர் போட்டுக்கொண்டது, ‘தி நார்மல்’. ஒரே ஆள்தான். ஆனாலும் பெயரில் ‘தி’ உண்டு. அவருடைய ஆள்மாறாட்டத்தின் ஆரம்பம் இதுதான்.

அதை வெளியிட ஒரு கம்பெனிப் பெயர் வேண்டுமே? எடிட்டிங் அறையில் சத்தம் பதிவாகாத, வெறும் காட்சி மட்டும் உள்ள ஃபிலிமை ‘ம்யூட்’ என்பார்கள். இசை நிறுவனத்துக்கு ‘ஊமை’ என்று பெயர் வைத்த குசும்பும் அவருடையதுதான். 500 காப்பி போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, சாம்பிள் தட்டை எடுத்துப்போய் லண்டனின் ‘ரஃப் டிரேட்’ கடையில் நீட்டினார். அன்றைய சுதந்திர இசைக்காரர்களுக்கெல்லாம் கோயில் மாதிரி இருந்த கடை அது. அங்கேயே போட்டுக் கேட்டார்கள். ‘500 எல்லாம் பத்தாது, 2,000 போடுங்க. நாங்க விநியோகம் செய்றோம்’ என்ற அர்த்தத்தில் பதில் வந்தது.

1978-ல் தட்டு வெளியானது. இரண்டு வருடம் கழித்து ‘வார்ம் லெதரெட்’டை கிரேஸ் ஜோன்ஸ் மறுபடி பாடி, தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். உறையின் பின்பக்கம் மில்லர் தன் வீட்டு முகவரியை அச்சிட்டிருந்தார். அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தபாலில் கேசட்டுகள் வந்து குவிய ஆரம்பித்தன. ‘நாங்களும் இதுபோல ஏதோ செய்றோம், கேட்டுப் பாருங்க’ என்று.

சொல்லப்போனால் அவருக்குக் கம்பெனி நடத்தும் எண்ணமே கிடையாது. ஒரு தட்டு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம் என்றுதான் இருந்தார்.

முகம் காட்ட வேண்டுமே!

தட்டு பேசப்பட்டதும் அடுத்த தலைவலி வந்தது. கச்சேரி. ராபர்ட் ரென்டல் என்ற இன்னொரு எலெக்ட்ரானிக் இசைக்காரரோடு சேர்ந்து, 1979-ல் ‘ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்’ என்ற அதிரடி பங்க் குழுவின் சுற்றுப்பயணத்தில் மில்லர் மேடையேறினார். கிட்டார் சத்தத்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் இரண்டு பேர் நின்று மெஷினைத் திருகிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கூட்டம் பொறுமையாக இல்லை. அந்தப் பயணத்தின் ஒரு கச்சேரி மட்டும் இசைத்தட்டாக வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே பாட்டு, மறுபக்கம் காலி.

அந்த நாள்களில் வீட்டில் விளையாட்டாக அவர் பதிவு செய்தது, சக் பெர்ரியின் ‘மெம்ஃபிஸ் டென்னஸி’. 1959-ல் வந்த பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு. வெளியூர் டெலிபோன் ஆபரேட்டரிடம் ஒருவர், ‘மேரி என்ற பெண்ணோடு என்னைப் பேச வையுங்கள்’ என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார். காதலி போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கடைசியில் பார்த்தால் மேரி, பிரிந்துபோன மனைவியிடம் இருக்கும் அவருடைய ஆறு வயது மகள். உருக்கமான அந்தப் பாட்டை மில்லர் ‘பீப் பீப்’ என்று வீடியோ கேம் சத்தத்தில், ஜலதோஷம் பிடித்த பையன் போன்ற குரலில் பாடி வைத்திருந்தார். விசித்திரம் என்னவென்றால், உருக்கம் போகவில்லை. டெலிபோன் லைனில் சிக்கிக்கொண்டவரின் குரல் மெஷினுக்கு நடுவிலிருந்து வருவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கேட்ட நண்பர்கள் வெளியிடச் சொன்னார்கள். ஆனால், கார் விபத்தைப் பற்றிப் பாடிய ‘தி நார்மல்’ பெயரில் இந்தக் குதூகலத்தை எப்படி வெளியிடுவது? அப்போதுதான் மில்லர் யோசித்தார். இனி வரப்போகும் பிள்ளைகள் கிட்டார் வாங்க மாட்டார்கள். முதல் வாத்தியமாகவே சிந்தசைஸரைத்தான் வாங்குவார்கள். அப்படி வாங்கிய நாலு பிள்ளைகள் ஒரு பாப் குழு ஆரம்பித்தால்? அந்தக் குழு வரும்வரை காத்திருப்பானேன், நாமே உருவாக்கிவிட்டால்?

டேரில், ஜாக்கி, பால், டயான் பிறந்தது இப்படித்தான். நாலு டிராக் ரெக்கார்டரில் வேலை பார்த்தவருக்கு நாலு ஆள் தோன்றியதில் ஆச்சர்யம் இல்லை. தயாரிப்பாளர் பெயரிலும் ஒரு கிண்டல். அன்றைய இங்கிலாந்தில் ஹிட் மேல் ஹிட் கொடுத்த தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட். ‘மோஸ்ட்’ என்றால் மிக அதிகம். மில்லர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘லாரி லீஸ்ட்’. மிகக் குறைவு!

பத்திரிகைகள் பேட்டி கேட்டன. நடிகர்களைப் பிடித்து அனுப்பினார்கள். சினிமாவில் சண்டைக் காட்சிக்கு டூப் போடுவார்கள். இங்கே பேட்டிக்கு டூப்! வீடியோ எடுக்க வேண்டி வந்தபோது, பாடகர் டேரிலாக நிற்க ஒரு முகம் தேவைப்பட்டது. மில்லர் அழைத்தது ஃபிராங்க் டோவியை.

டேரிலாக நின்றவர்!

இந்தக் கதையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய மனிதர் டோவி.

மில்லரின் கம்பெனி இரண்டாவதாக வெளியிட்ட இசைத்தட்டு அவருடையதுதான். ‘ஃபேட் கேட்ஜெட்’ என்ற பெயரில் 1979-ல் வந்த ‘பேக் டு நேச்சர்’. தன் பாட்டு மட்டுமே வரும் என்று மில்லர் நினைத்திருந்த இடத்தில், அவர் நம்பி ஏற்றிவைத்த முதல் ஆள். கலைக்கல்லூரியில் படித்தவர், மைம் கற்றவர். வாய் திறக்காமல், இல்லாத சுவரை இருப்பதுபோலத் தடவிக் காட்டும் கலை தெரிந்தவருக்கு, இல்லாத பாடகராக நிற்பதா கஷ்டம்?

ஆனால், அவருடைய சொந்தக் கச்சேரிகளில் நிலைமை தலைகீழ். மேடையில் தார் பூசிக்கொண்டு இறகுகளை ஒட்டிக்கொள்வார். கூட்டத்துக்குள் பாய்வார். அடிபட்டுக்கொண்டதும் உண்டு. மில்லர் முகத்தை மறைத்தவர் என்றால், டோவி உடம்பையே பணயம் வைத்தவர். இருவரும் சேர்ந்ததில்தான் டேரில் என்ற பையன் வீடியோவில் நடமாடினான். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது.

1980-ல் சிலிகான் டீன்ஸின் ஒரே ஆல்பம் ‘ம்யூஸிக் ஃபார் பார்ட்டீஸ்’ வந்தது. பெரும்பாலும் ஐம்பது, அறுபதுகளின் பழைய ஹிட்கள். ‘ஓ பாய்’, ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’, ‘யூ ரியலி காட் மீ’, ‘ரெட் ரிவர் ராக்’... இடையிடையே மில்லரின் சொந்த மெட்டுகள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் திகட்டும். எல்லாப் பாட்டிலும் அதே துள்ளல், அதே மூக்கடைத்த குரல். ஆனால் எங்கேயும் பழைய பாட்டைக் கேலி செய்யவில்லை என்பதைக் கவனிக்கலாம். தன் பள்ளி நாள்களில் ரேடியோவில் கேட்ட பாட்டுகளைப் புது பொம்மையில் வாசித்துப் பார்க்கும் பையனின் சந்தோஷம் தெரிகிறது. ‘மெம்ஃபிஸ் டென்னஸி’யைத் தொடர்ந்து ‘ஜூடி இன் டிஸ்கைஸ்’, ‘ஜஸ்ட் லைக் எடி’ ஆகியவை தனித் தட்டுகளாக வந்தன. ‘டிஸ்கைஸ்’ என்றால் மாறுவேடம். சும்மாவா தேர்ந்தெடுத்திருப்பார்?

கற்பனைக் குழுக்கள் அதற்கு முன்பும் உண்டு. ‘ஷுகர் ஷுகர்’ என்று 1969-ல் உலகையே ஆட வைத்த ‘தி ஆர்ச்சீஸ்’ கார்ட்டூன் பாத்திரங்கள்தான். பிறகும் உண்டு. ‘கொரில்லாஸ்’ குழுவின் நால்வரும் படத்தில் வரைந்தவர்கள். 2025-ல் ‘தி வெல்வெட் சன்டவுன்’ என்ற குழு, ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்கும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான், பாட்டு, படம் எல்லாமே ஏ.ஐ உதவியோடு உருவாக்கியவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அங்கே மெஷினுக்கு மனித முகமூடி. சிலிகான் டீன்ஸில் மெஷினைத் திருகிக்கொண்டிருந்த மனிதரே முகமூடி போட்டுக்கொண்டார்.

பீர் பெட்டி மேல் மூன்று சிந்தசைஸர்!

1980 நவம்பர். கிழக்கு லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் ‘பிரிட்ஜ் ஹவுஸ்’ என்ற பப். அன்று முக்கியக் கச்சேரி ஃபேட் கேட்ஜெட், அதாவது வீடியோவில் டேரிலாக நின்ற அதே ஃபிராங்க் டோவி. அதற்கு முன்னால் கூட்டத்தைத் தயார்படுத்த ஒரு சின்னக் குழு வாசிக்க வேண்டும். மில்லரும் வந்திருந்தார். இடைவேளையில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

மேடையில் எஸெக்ஸ் மாவட்டத்தின் பாசில்டனிலிருந்து வந்த நாலு பையன்கள். வின்ஸ் கிளார்க்குக்கு 20 வயது. மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர் இருவருக்கும் 19. பாடிய டேவ் காஹனுக்கு 18. கிட்டார் இல்லை. டிரம்ஸ் இல்லை. ஸ்டாண்டு வாங்கக் காசில்லாமல், பீர் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் வைத்த மூன்று சிந்தசைஸர்கள். ஆளுக்கு ஒரு விரலில் ஒரு மெட்டு. பாடல்கள் எல்லாம் கச்சிதமான பாப்.

குழுவின் பெயர் டெபெஷ் மோட்.

இதில் ஒரு கூத்து உண்டு. அதற்குச் சில நாள்கள் முன்பு இதே பையன்கள் கேசட்டோடு ரஃப் டிரேட் கடைக்குப் போயிருந்தார்கள். ‘இது எங்களுக்குச் சரிவராது, அதோ நிற்கிறாரே, அவருக்குப் பிடிக்கலாம்’ என்று மில்லரைக் கைகாட்டினார்கள். ஃபேட் கேட்ஜெட்டின் இசைத்தட்டு உறை தப்பும் தவறுமாக அச்சாகி வந்த எரிச்சலில் இருந்த மில்லர், சரியாக முகம்கொடுத்துக்கூடப் பேசவில்லை. அந்த எரிச்சல்காரரேதான் இப்போது பப்பில் வாய்பிளந்து நின்றார். தான் கற்பனையில் உருவாக்கிய குழு நிஜமாகவே எதிரில் நிற்பதுபோல இருந்தது என்பதைப் பின்னாளில் பல பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். நாலு பேர், டீன் ஏஜ், முதல் வாத்தியமே சிந்தசைஸர். எழுதிவைத்த கதாபாத்திரம் கதவைத் தட்டி உள்ளே வந்தால் எப்படி இருக்கும்?

கச்சேரி முடிந்ததும் போய்ப் பேசினார். ஒரு தட்டு போடலாம், பிடித்திருந்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் போய்விடலாம், லாபத்தில் பாதிக்குப் பாதி. காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. வெறும் கைகுலுக்கல்.

பெரிய கம்பெனிகள் பணப்பெட்டியோடு வந்த பிறகும் அந்தப் பையன்கள் கைகுலுக்கலை மீறவில்லை. 1981 பிப்ரவரியில் வந்த முதல் பாட்டு ‘டிரீமிங் ஆஃப் மீ’, இங்கிலாந்து ஹிட் பட்டியலில் 57-வது இடம். அடுத்த ‘நியூ லைஃப்’ 11-வது இடத்துக்கு ஏறியது. பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது, சிந்தசைஸர்களைத் தூக்கிக்கொண்டு ரயிலேறித்தான் போனார்கள். ‘ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்’ எட்டாவது இடம்.

முதல் ஆல்பம் பதிவானது, தென் லண்டனில் வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்துக்குள் இயங்கிய பிளாக்விங் ஸ்டூடியோவில். மில்லர் தன் ஏ.ஆர்.பி 2600 சிந்தசைஸரைக் கொண்டுவந்து பையன்களோடு உட்கார்ந்தார். இந்த முறை ‘லாரி லீஸ்ட்’ இல்லை. சொந்தப் பெயர்.

திரும்பி வராத நால்வர்!

சிலிகான் டீன்ஸுக்கு என்ன ஆயிற்று? பிரிவு விழா, கடைசிக் கச்சேரி, சண்டை, எதுவும் இல்லை. இல்லாதவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள்? அடுத்த தட்டு வரவில்லை, அவ்வளவுதான். நிஜப் பையன்கள் வந்த பிறகு பொய்ப் பையன்களுக்கு நேரம் ஒதுக்க மில்லரால் முடியவில்லை. வின்ஸ் கிளார்க் 1981 இறுதியில் குழுவைவிட்டு விலகி, ஆலிசன் மோயேவோடு ‘யாஸூ’ ஆரம்பித்தார். அதுவும் ம்யூட்தான். நிக் கேவ், ‘இரேஷர்’, மோபி என்று பட்டியல் நீண்டது. மில்லர் தன் குரலில் தானே பாடி வெளியிடுவது அபூர்வமாகிப்போனது. அது இழப்பா என்று கேட்டால், ‘தி நார்மல்’ பெயரில் இன்னொரு தட்டு வந்திருக்கலாமே என்று ஏங்குகிற ரசிகர்கள் ‘ஆமாம்’ என்பார்கள். அந்தக் குரலில் இருந்த குளிர்ச்சி வேறு யாருக்கும் வரவில்லை என்பது நிஜம்தான்.

1988-ல் கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 60,000-க்கும் அதிகமானோர் முன் டெபெஷ் மோட் வாசித்தது. 2002-ல் ம்யூட் நிறுவனத்தை ஈ.எம்.ஐ வாங்கியது, ஆரம்ப விலை 2.3 கோடி பவுண்டு. 2010-ல் மில்லர் மறுபடி சுதந்திர நிறுவனமாக வெளியே வந்தார். 2020-ல் டெபெஷ் மோட், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது.

ஃபிராங்க் டோவிக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவே இல்லை. எண்பதுகளின் நடுவில் ‘ஃபேட் கேட்ஜெட்’ பெயரைக் கைவிட்டு, சொந்தப் பெயரில் பாடினார். 2001-ல் பழைய பெயரோடு திரும்பி வந்தபோது, டெபெஷ் மோட்டின் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. பிரிட்ஜ் ஹவுஸில் அவருக்கு முன்னால் வாசித்த அதே பையன்கள்தான். பெரிய அரங்கங்களில், தன்னை யாரென்றே தெரியாத கூட்டத்தின் முன்னால், மறுபடியும் தார், இறகு என்று இறங்கி விளையாடினார். சிறு வயது முதலே இதயக் கோளாறு இருந்தவர். 2002 ஏப்ரல் 3 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 45.

டேரிலுக்கு மட்டும் வயதாகவே இல்லை. 1987-ல் வந்த ‘பிளேன்ஸ், டிரெய்ன்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’ என்ற ஹாலிவுட் படம், பண்டிகைக்கு வீடு போய்ச் சேரத் தவிக்கும் ஒருவரின் கதை. ஸ்டீவ் மார்ட்டினும் ஜான் கேண்டியும் போட்டி போட்டுச் சிரிக்க வைப்பார்கள். அமெரிக்காவில் நவம்பர் மாத ‘தேங்க்ஸ்கிவிங்’ வந்தால் பல வீடுகளில் இன்றும் ஓடும் படம். அதில் ‘பீப் பீப்’ என்று துள்ளிக்கொண்டு ஒரு ‘ரெட் ரிவர் ராக்’ வரும்.

இசை, சிலிகான் டீன்ஸ்!